‘வேண்டாம்’ என்பதற்கு இங்கிலிசில் என்ன?

நான் இங்கிலிஸ் படிப்பிக்கத் தொங்கவிட்டிருந்த அந்தச் சார்ட் இப்போது என் அலுமாரிக்குப் பின்னால், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியபடி நிற்கிறது. கிழித்துப் போட்டிருக்கலாம். இரண்டு முறை கையில் எடுத்தும் இருக்கிறேன். கிழித்துவிட்டால் தப்பித்துவிட்டதாக எனக்கே தோன்றிவிடும் என்று பயந்து திரும்பவும் செருகி வைத்துவிட்டேன்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், இரண்டாம் மாடியில் என் வீடு. சனிக்கிழமை காலையில் முன் அறைச் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பத்துப் பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டால் அதுதான் வகுப்பு. ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருப்போம். ரயில் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். வருகிறவர்கள் எல்லோரும் வளர்ந்தவர்கள். விசாவுக்குக் காத்திருக்கும் மணப்பெண்கள், கந்தோரில் பதவி உயர்வுக்கு இங்கிலிஸ் தேவைப்பட்டவர்கள், வெளிநாட்டில் பேரப்பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மார்.

நான் வாய்க்காரி. அதை ஒளிக்க ஒன்றுமில்லை. “ரீச்சர் நல்லாப் படிப்பிப்பா, ஆனா வாய்தான்” என்று சொல்லித்தான் ஒருவர் இன்னொருவரை என்னிடம் அனுப்பிவைப்பார்கள். நான் இங்கிலிஸ் படித்தது யாழ்ப்பாணத்தில், தமிழ் மொழிமூலப் பள்ளிக்கூடத்தில், அட்டை கழன்ற இலக்கணப் புத்தகமொன்றை மனப்பாடம் செய்து. கொழும்பில் பிறந்ததிலிருந்தே வீட்டில் இங்கிலிஸ் கதைக்கிறவர்களைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வகுப்பில் அந்தப் பயத்தைக் காட்ட முடியுமா? அதனால் ஏசினேன். ஏசுகிற ரீச்சருக்கு எல்லாம் தெரியும் என்று ஆட்கள் நம்பிக்கொள்வார்கள்.

மோடல் வேர்ப்ஸ் என் வகுப்பில் பெயர்போன பாடம். செய்யலாம், செய்ய வேண்டும், செய்யக் கூடாது என்று அனுமதியையும் கடமையையும் தடையையும் சொல்லுகிற சின்னச் சின்ன வினைச்சொற்கள் அவை. மற்ற இடங்களில் நாலு கிழமை இழுப்பார்கள். நான் ஒரே காலையில் முடித்துவிடுவேன், அந்தச் சார்ட்டின் உபயத்தில். இடது பக்கம் தமிழ், வலது பக்கம் இங்கிலிஸ். ‘லாம்’ என்றால் மே. ‘ஏலும்’ என்றால் கான். ‘ஏலாது’ என்றால் கனொட். ‘வேணும்’ என்றால் மஸ்ட். ‘வேண்டாம்’ என்றால் மஸ்ட் நொட். ஐந்தே வரி. வேணும் என்பதற்கு எதிர்ச்சொல் வேண்டாம், மஸ்ட்டுக்கு எதிர் மஸ்ட் நொட், பிறகென்ன குழப்பம்? ஆட்கள் அதைப் போனில் படம் பிடித்துச் சொந்தக்காரருக்கு அனுப்பினார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. ‘கூடாது’ என்ற சொல் அந்தச் சார்ட்டில் ஏன் இல்லவே இல்லை என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அம்மா வந்துகொண்டிருந்தார். புறக்கோட்டையில் பஸ் மாறி, எல்லோருக்கும் முதல் வந்து, ஜன்னலோரக் கதிரையில் கைப்பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருப்பார். அறுபதைத் தாண்டிய வயது. கணவர் இல்லை. ஒரே மகன் லண்டனில். மகன் கட்டியது அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெண்ணை. தமிழ் ஒரு சொல் தெரியாது. கலியாணத்துக்குப் போக இந்த அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதை மருமகள் முழுக்க நம்பவில்லை, மாமிக்கு விருப்பமில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தாள் என்று மகன் ஒருமுறை வாய்தவறிச் சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு ஒரு பேத்தியும் பிறந்து மூன்று வயதாகிவிட்டது. அம்மா அவளைப் போனில்தான் பார்த்திருக்கிறார்.

“மகனோட கதைக்க எனக்கு என்னத்துக்கு ரீச்சர் இங்கிலிஸ்? மருமகளோட கதைக்கத்தான்” என்றார் முதல் நாளிலேயே. அவர் கேட்டது அவ்வளவுதான். அந்தப் பெண் தன்னை மாமிக்கு வேண்டாதவளாக நினைக்கக் கூடாது, பேத்தி ஒருநாள் கொட்டாஞ்சேனை வீட்டுப் படியேறி வர வேண்டும்.

மருமகளுக்கு அனுப்புகிற ஒவ்வொரு மெசேஜையும் முதலில் கொப்பியில் எழுதி என்னிடம் காட்டுவார். நான் சிவப்புப் பேனையால் திருத்துவேன். அவர் அதைப் பார்த்துப் போனில் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி அனுப்புவார். என்னைப் பற்றி மருமகளுக்குப் பெருமையாகவும் எழுதியிருந்தார்: என் ரீச்சர் எல்லாவற்றையும் பார்த்துத் திருத்தித் தருகிறா என்று. அந்த வசனத்தையும் நான்தான் திருத்தினேன். அப்போது எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு குளிர்ந்தது தெரியுமா?

அந்த ஆனி மாதம் அவருக்குக் கண்ணில் கற்றரக்ட் ஒப்பரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். மகனுக்குச் சொல்லாமல் மறைத்துவைத்திருந்தார், எப்படியோ தெரிந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை ஓடிவந்த மாதிரி மூச்சிரைக்க வந்து போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். மருமகள் எழுதியிருந்தாள்: நான் லீவு போட்டுவிட்டுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், ஒப்பரேஷன் நேரம் உங்களோடு நிற்கிறேன், சரியா?

அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த நிமிடமே கொப்பியை எடுத்து மறுமொழி எழுதினார். என்ன எழுதினார்? நம் ஆட்கள் என்ன எழுதுவோமோ அதைத்தான். ஐயோ பிள்ளை, எனக்காக மினக்கெட்டு வர வேண்டாம், நான் சமாளிப்பன். சாப்பாட்டு மேசையில் “போதும், வேண்டாம்” என்று சொல்லிக்கொண்டே கோப்பையை நீட்டுகிற சனம் அல்லவா நாங்கள். முதல் முறை வேண்டாம் என்போம். மற்றவர் இல்லை, வருவோம் என்று நிற்க வேண்டும். அதுதான் மரியாதை. அந்த ‘வேண்டாம்’ வா என்பதற்கு இன்னொரு பெயர்.

கொப்பியில் அவர் இங்கிலிசில் எழுதியிருந்தது: “நோ நீட் கம் ஃபோர் மீ. ஐ மனேஜ்.” உடைந்த இங்கிலிஸ்தான். ஆனால் வரத் தேவையில்லை என்ற கருத்து அதில் சரியாக இருந்தது. லண்டன்காரிக்கு அது நன்றாகவே விளங்கியிருக்கும்.

எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. மோடல் படிப்பித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஒரு மோடலைக்கூடக் காணவில்லை.

“சார்ட்டைப் பாருங்கோ. வேண்டாம் எண்டால் என்ன?”

“மஸ்ட் நொட், ரீச்சர்.”

“பின்னை?”

அவர் தலை குனிந்துகொண்டார். நான் அவருடைய வரியைச் சிவப்பால் குறுக்கே வெட்டி மேலே எழுதினேன்: “யூ மஸ்ட் நொட் கம் ஃபோர் மீ. ஐ வில் மனேஜ்.” எழுதிவிட்டு ஒரு சரி அடையாளமும் போட்டேன், பெரிதாக. அந்த நேரம் ரயில் போய்க்கொண்டிருந்தது, சத்தத்தில் நான் சரியாக யோசிக்கவில்லை என்று பிறகு எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய். ரயில் போய் நெடுநேரம். எட்டுக் கொப்பி திருத்தக் கிடந்தது, இலக்கணம் சரி, அடுத்த கொப்பியை எடுத்தேன்.

வந்த மறுமொழியை அம்மா அடுத்த கிழமை வகுப்பில் காட்டினார். “ஓகே. அஸ் யூ விஷ்.”

“என்ர விருப்பம் போல எண்டுதானே ரீச்சர்? நல்ல பிள்ளை, என்ன?”

ஓம், மரியாதையாகச் சொல்லியிருக்கிறா என்றேன். ஆனால் அவர் எதிர்பார்த்தது அதுவல்ல என்று முகத்தில் தெரிந்தது. இல்லை, வரத்தான் வருவோம் என்று ஒரு வரி அதற்குக் கீழே வரும் என்று போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

அது வரவில்லை. பிறகு ஒன்றுமே ஒழுங்காக வரவில்லை. கிழமைக்கு நாலு படம் அனுப்புகிறவள் மாதத்துக்கு ஒன்று அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ கோலில் மகன் மட்டும் இருந்தான். பிள்ளை நித்திரை என்றான். பிள்ளைக்கு ஒவ்வொரு ஞாயிறும் அதே நேரத்தில் நித்திரை. ஒப்பரேஷனுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்தான் கூடப் போனாள். கறுப்புக் கண்ணாடியோடு வகுப்புக்குத் திரும்பி வந்த அன்று, “கண் திறந்தோடன பேத்தியைத்தான் முதல் பாப்பன் எண்டு நினைச்சிருந்தனான்” என்று சொல்லிவிட்டு, அவர்களுக்கும் வேலை இருக்குத்தானே என்று தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

ஆவணியில் மாளிகாவத்தையிலிருந்து வருகிற ஒரு முஸ்லிம் பிள்ளை, கணக்கியல் சோதனைக்கு ஆயத்தம் செய்பவள், மாதிரி வினாத்தாளோடு எழுந்து நின்றாள்.

“மிஸ், ஒரு டவுட் ஈக்குது. மஸ்ட் நொட் எண்டா கூடாது, தடை எண்டு இதுல போட்டிருக்காங்க. தேவையில்ல எண்டா டோன்ட் ஹாவ் டு எண்டு. நம்மட சார்ட்டுல ரெண்டும் ஒண்டாத்தானே ஈக்குது?”

எனக்கே படிப்பிக்க வெளிக்கிட்டீரோ என்று கேட்டேன். வினாத்தாள் அடிக்கிறவர்களுக்கெல்லாம் இங்கிலிஸ் தெரியுமோ என்றும் கேட்டேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அந்தப் பிள்ளை உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. அவளிடம் இன்றைக்கும் நான் ஒழுங்காக மன்னிப்புக் கேட்கவில்லை.

எல்லோரும் போனபிறகு பழைய இலக்கணப் புத்தகத்தை எடுத்தேன். நான் மனப்பாடம் செய்த அதே புத்தகம். மஸ்ட் நொட்: செய்யக் கூடாது. டோன்ட் ஹாவ் டு: செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை, விரும்பினால் செய்யலாம். இரண்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம் என்று தனியாகக் கோடு போட்டுக் கீழே ஒரு குறிப்பு. பதினாறு வயதில் அந்தக் குறிப்பின் பக்கத்தில் நானே பென்சிலால் நட்சத்திரம் போட்டிருந்தேன். தமிழில் ‘வேண்டாம்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் செய்கிறது. நெருப்பில் கை வைக்க வேண்டாம் என்றாலும் அதுதான், எனக்காகக் கஷ்டப்பட வேண்டாம் என்றாலும் அதுதான். சொல்கிறவரின் முகத்தைப் பார்த்து நாங்கள் பிரித்துக்கொள்வோம். சார்ட்டுக்கு ஏது முகம்?

அப்போதுதான் சிவப்பில் நான் எழுதிய வரி நினைவுக்கு வந்தது. எனக்காக நீ வரக் கூடாது. நான் சமாளிப்பேன். கலியாணத்துக்கு வராத மாமி, முதல்முறையாகப் பிள்ளையோடு வருகிறேன் என்ற மருமகளுக்கு, வாசலில் நின்று கதவைச் சாத்தியிருக்கிறார். சாத்தியது என் கை. அன்று மத்தியானம் நான் சமைக்கவில்லை.

சரி, தெரிந்துவிட்டது. அன்றைக்கே போன் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டாமா? நான் என்ன செய்தேன் என்றால், சார்ட்டின் ஐந்தாவது வரியின் மேல் வெள்ளைக் காகிதத் துண்டொன்றை ஒட்டி, ‘வேண்டாம், கூடாது: மஸ்ட் நொட்’ என்றும், அதன் கீழே ‘வேண்டாம், தேவையில்லை: டோன்ட் ஹாவ் டு’ என்றும் எழுதினேன். அடுத்த சனிக்கிழமை, புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கோ என்று சாதாரணமாகச் சொன்னேன். முழுப்பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். மாளிகாவத்தைப் பிள்ளை என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

கொட்டாஞ்சேனை அம்மா எழுதிக்கொண்டார். பிறகு கொப்பியைப் பின்பக்கமாகப் புரட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி நெடுநேரம் பார்த்தார். வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிப் போகும்வரை கதிரையை விட்டு எழும்பவில்லை.

“ரீச்சர், அண்டைக்கு நான் மருமகளுக்குப் பிழையா அனுப்பிப்போட்டன், என்ன?”

‘நான்’ என்றார். ‘நாங்கள்’ என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு சொல் போதும், இல்லை அம்மா, பிழை என்னுடையது என்று. வாய்க்காரிக்கு அந்த ஒரு சொல் வரவில்லை. சார்ட்டைப் படம் பிடித்து அனுப்பியவர்களெல்லாம் கண்முன்னால் வந்தார்கள். இங்கிலிஸ் தெரியாதவள் இங்கிலிஸ் படிப்பிக்கிறாளாம் என்று ஒழுங்கை முழுக்கச் சொல்வது கேட்டது.

“கொஞ்சம் கவனமா எழுதியிருக்கலாம் அம்மா” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. ஒன்றுமில்லை. ஓம் ரீச்சர் என்று கொப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். சீ, நானும் ஒரு மனுசியா என்று அப்போதே தோன்றியது. தோன்றி என்ன பயன்?

அவர் சும்மா இருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு மருமகளுக்கு எழுத வேண்டும் என்றார். அவர் எழுதினார், நான் திருத்திக் கொடுத்தேன். எனக்கு இங்கிலிஸ் வராது, தேவையில்லை என்பதற்குக் கூடாது என்று பிழையாக எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள் என்று. ஐந்து நாள் கழித்து மறுமொழி வந்தது: “யூ டோன்ட் ஹாவ் டு எக்ஸ்பிளெய்ன்.” விளக்கம் சொல்லத் தேவையில்லை என்று. நான் காகிதம் ஒட்டி எழுதிய அதே இலக்கணம், ஒரு பிழை இல்லாமல். அம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டார். “டோன்ட் ஹாவ் டு எண்டு போட்டிருக்கிறா, பாத்தீங்களே ரீச்சர்” என்று சின்னதாகச் சிரித்தார்.

மற்றதெல்லாம் மகன் சொன்னதாக அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. அம்மா அப்படி நினைத்து எழுதியிருக்க மாட்டா என்று அவன் மனைவியிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறான். அவள் கேட்டது ஒரே கேள்வி. உன் அம்மாவின் மெசேஜையெல்லாம் ஒரு ரீச்சர் திருத்துகிறா என்று அவவே எழுதியிருக்கிறா. ரீச்சர் பார்த்த பிறகும் அது எப்படிப் பிழையாகும்? பதில் என்னிடம்தான் இருந்தது. நான் வாய் திறந்தால் ஒழிய அந்தக் கதவு திறக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே புரட்டாதி, ஐப்பசி என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் அவரைப் பார்த்து வாங்கோ அம்மா என்றேன், பிரசென்ட் பெர்ஃபெக்ட் படிப்பித்தேன், கேட்ட கேள்விக்கெல்லாம் என்றுமில்லாத பொறுமையோடு பதில் சொன்னேன். ரீச்சருக்கு இப்ப வாய் குறைஞ்சு போச்சு என்று மணப்பெண்கள் சிரித்தார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, எனக்கு அது சனிக்கிழமை தோறும் நேரம் தவறாமல் குறுகுறுத்தது. தைப்பொங்கலும் போனது.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை அம்மா ஒரு பெட்டி பட்டர் கேக் கொண்டுவந்தார். பஸ் நெரிசலில் ஒரு மூலை நசுங்கியிருந்தது. பேத்திக்கு அன்றைக்கு நாலு வயது. எல்லோருக்கும் டிஷ்யூவில் வைத்துக் கொடுத்தார். போனில் பிள்ளையைப் பார்த்தீர்களா என்று ஒருத்தி கேட்டதற்கு, இன்னும் இல்லை, பின்னேரம் எடுப்பினம் என்றார். பின்னேரமும் எடுக்க மாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்குத் தந்த துண்டை மேசையில் வைத்துவிட்டேன். குசினிக்குள் போய் நின்று அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பாடத்தை நடத்தினேன்.

அடுத்த நாள் ஞாயிறு, கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அவர் வீட்டுக்கு அதுதான் முதல் முறை. கோயில் பூசை முடிந்து சனம் தெருவை நிறைத்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு கதவாக விசாரித்துத்தான் கண்டுபிடித்தேன். என்னைக் கண்டதும் அம்மா பதறிக் கதிரையைத் துடைத்தார். தேத்தண்ணி போடவா என்றார். வேண்டாம் என்றேன். உடனே போய்க் கேத்திலை அடுப்பில் வைத்தார்.

தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். சார்ட் பிழை. நீங்கள் முதல் எழுதினது சரி. அதை வெட்டிப் பிழையாக எழுதினது நான். ஆவணியிலேயே எனக்குத் தெரியும். நீங்கள் கேட்ட அன்று பொய் சொல்லிப்போட்டன். எப்படிச் சொல்லி முடித்தேனோ தெரியாது.

அவர் எழும்பிப் போய்க் கொப்பியை எடுத்துவந்தார். அந்தப் பக்கத்தில் மூலை மடித்து வைத்திருந்தது. திறந்து என் முன்னால் வைத்தார். அவருடைய நீல வரி, அதன் மேல் என் வெட்டு, பெரிய சரி.

“எனக்குத் தெரியும் ரீச்சர்” என்றார். “என்னட்டைச் சிவப்புப் பேனை இல்லை.”

கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கொப்பியை என் பக்கம் இழுத்தேன்.

“நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.”

ஏன் மகனுக்கு இந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பவில்லை என்று கேட்டேன். படிப்பித்தவவைக் காட்டிக்கொடுத்து எனக்கென்ன வரப்போகுது, ஆனைக்கும் அடி சறுக்கும்தானே என்றார். அதைச் சொன்னதற்குப் பதிலாக அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம், தாங்கியிருப்பேன்.

அந்தப் பக்கத்தை அவருடைய போனில் நானே படம் பிடித்தேன். அதன் கீழே மருமகளுக்கு நானே எழுதினேன். நான் இவருடைய இங்கிலிஸ் ரீச்சர். நீலத்தில் இருப்பது உங்கள் மாமி எழுதியது: வரத் தேவையில்லை. சிவப்பில் இருப்பது நான் எழுதியது. எனக்குத்தான் வித்தியாசம் தெரியவில்லை. எங்கள் மொழியில் அவர் சொன்னதற்கு அர்த்தம், தயவுசெய்து வா என்பதுதான். அந்த ஆறு வரியில் எத்தனை பிழை இருந்ததோ. முதன்முறையாக அதைப் பற்றிக் கவலைப்படாமல் அனுப்பினேன்.

அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது. என்னிடம் ஒரே ஒரு கேள்வி, அவ்வளவுதான்: இது பிழை என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது?

அம்மா பக்கத்திலிருந்து எழுத்துக் கூட்டி வாசித்தார். விளங்கிவிட்டது. என் கையை மெல்லத் தொட்டார்.

“போன கிழமை எண்டு எழுதுங்கோ ரீச்சர்.”

சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி எழுத எனக்கு விருப்பம் இருந்தது. விரலும் போனது. ஆனால் ஏழு மாதத்துக்கு முதல் என்று எழுதினேன்.

அதற்கு மறுமொழி வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. பிழையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. அந்த வீட்டில் பிள்ளை ஒவ்வொரு ஞாயிறும் நித்திரை கொண்டதில் ஏழு மாதம் என் பங்கு என்று இப்போது மூன்று பேருக்குத் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். வகுப்பில் சார்ட்டைக் கழற்றிவிட்டு, அது பிழை என்றும் மாளிகாவத்தைப் பிள்ளை சொன்னதுதான் சரி என்றும் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை சொன்னேன். அந்தப் பிள்ளை அன்று வரவில்லை. அவள் பொரளைப் பக்கம் வேறு வகுப்புக்குப் போகத் தொடங்கிவிட்டாளாம்.

அன்றைக்குக் கொட்டாஞ்சேனை அம்மா பிந்தித்தான் வந்தார். வகுப்பு முடிந்ததும் போனை நீட்டினார். மருமகளிடமிருந்து, எனக்கல்ல, அவருக்கு வந்திருந்தது. “மே வீ கம் இன் டிசெம்பர்?” நாங்கள் டிசம்பரில் வரலாமா?

“மே எண்டால் அனுமதி கேக்கிறதுதானே ரீச்சர்? என்ர வீட்டுக்கு வர என்னட்டை அனுமதி கேக்க வைச்சிட்டம் அந்தப் பிள்ளையை” என்று சொல்லி அழுதார். வைச்சிட்டம் என்றார். அந்தப் பன்மையில் அவர் இருக்கவே தேவையில்லை.

பழக்கத்தில் என் கை பேனையைத் தேடியது. என்ன மறுமொழி எழுதப் போகிறீர்கள், கொப்பியைத் தாங்கோ, பாப்பம் என்றேன்.

“காலமையே அனுப்பிட்டன் ரீச்சர். இதை உங்களுக்குக் காட்ட வேண்டாம் எண்டு விட்டிட்டன்.”

மெதுவாகத்தான் சொன்னார். குரல் வழமை போலத்தான் இருந்தது. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போட்டு வாறன் என்று படியிறங்கினார்.

டிசம்பரில் அவர்கள் வந்தார்கள். காலி வீதியில் ஒருநாள் கண்டேன். ஐந்து வயதை எட்டப்போகிற ஒரு பிள்ளை அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நடந்தது. மூன்று வயதில் அதைத் தூக்கி நடந்திருக்கலாம். அம்மா என்னைக் கண்டு கையசைத்தார். இப்போதும் சனிக்கிழமைகளில் வருகிறார். பயிற்சிகள் எல்லாம் காட்டுகிறார், மெசேஜ்கள் மட்டும் காட்டுவதில்லை.

அன்றைக்கு அவர் சொன்ன அந்த ‘வேண்டாம்’, தேவையில்லை என்ற வேண்டாமா, கூடாது என்ற வேண்டாமா என்று எனக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்துப் பிரித்துக்கொள்வோம் என்று சொன்னேனே, நான் அப்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.